கைவிடப்பட்ட பாவனை

ஒழுங்குவிதிகளின் கடைசிப் பகுதிக்குப் பொருள்கோடல் என்று பெயர். முன்னால் எத்தனை பக்கம் இருந்தாலும், எது வீடு, எது கடை, எது மதில், எது வெறுங்காணி என்பதை அந்தக் கடைசிப் பகுதிதான் சொல்லும். பொதுமக்கள் அதை வாசிப்பதில்லை. அலுவலகத்திலும் அதிகம் பேர் வாசிப்பதில்லை. திருகோணமலை நகரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் நான் அதைச் சொல் சொல்லாக வாசித்தவள். அதன் தமிழ்ப் பிரதியைச் செய்தது நான்தான்.

துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவைச் சுற்றிய கரைகளையும் வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று சொல்லும் விதிகள் அவை. மூன்று மாதம் அதோடு இருந்தேன். மேசையில் இடது பக்கம் சிங்களப் பிரதி, வலது பக்கம் ஆங்கிலப் பிரதி, நடுவில் நான். வரைவிலக்கணங்களைத் தமிழ் அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தேன். மூன்று மொழியிலும் இலக்கங்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பணிப்பாளர் பழையபடி வைக்கச் சொன்னார். அதனால் தமிழில் 'மதில்' என்ற சொல்லைத் தேடுகிறவர் 'வீடு', 'களஞ்சியம்', 'தற்காலிகக் கட்டமைப்பு' எல்லாவற்றையும் கடந்து போய்த்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 'நிலவும் பாவனை' என்றொரு வரைவிலக்கணம். விதிகள் நடைமுறைக்கு வரும் நாளில் ஒரு காணியில் ஏற்கெனவே வீடு இருந்தால், அந்த வலயத்தில் வீடு அனுமதிக்கப்படாவிட்டாலும் அது தொடர்ந்து இருக்கலாம். ஆனால் ஒரு வருடம் தொடர்ச்சியாக அந்தப் பாவனை இல்லாமற் போயிருந்தால் அந்த உரிமையும் போய்விடும். இல்லாமற் போன பாவனைக்குச் சிங்களப் பிரதியில் இருந்த சொல்லின் நேர்ப்பொருள் 'நின்றுபோன'. 'நின்றுபோன பாவனை' என்று எழுதிப் பார்த்தேன். நின்றுபோன மணிக்கூடு மாதிரி இருந்தது. அதை வெட்டிவிட்டு 'கைவிடப்பட்ட பாவனை' என்று எழுதினேன். சட்டம் பேசுவது போல இருந்தது. அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தச் சொல்லை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

வலயங்களின் வரைபடத்தை எனக்குத் தரவில்லை. எனக்குத் தந்தது சொற்களை மட்டும்தான்.

என் அக்காவின் காணி குடாவின் மறுகரையில், சம்பூர்ப் பக்கம். சீதனமாக வந்த காணி, அவளுடைய பெயரிலேயே உறுதிப் பத்திரம் இருக்கிறது. அத்தான் மீன்பிடிக்காரர் என்றாலும் கட்டுவேலையும் தெரிந்தவர். கடலுக்குப் போகாத மாதங்களில் சீமெந்துக் கல் அரிந்து, காயவைத்து, ஹோல், இரண்டு அறை, குசினி என்று ஒரு வீட்டைத் தன் கையால் எழுப்பினார். குடிபுகுந்து நாலு வருடம் இருந்திருப்பார்கள். சண்டை வந்தபோது வெருகல் பக்கமாக நடந்து மட்டக்களப்புக்குப் போனார்கள். முகாம், சொந்தக்காரர் வீடு, வாடகை அறை என்று பத்து வருடத்துக்கு மேல் போனது. படையினர் காணியை விடுவித்த பிறகு போய்ப் பார்த்தால் கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை, ஹோலுக்குள் ஒரு வேம்பு நின்றது. சுவர்கள் மட்டும் அப்படியே இருந்தன. அத்தான் ஒவ்வொரு சுவரையும் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்டும் அசையேல்ல" என்றார். அதற்குப் பிறகு மூதூரில் அவருடைய தங்கை வீட்டில் இருந்துகொண்டு கூரைக்கு மரம் சேர்த்தார்கள். மரம் சேர்ந்து முடிய விதிகள் வந்துவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கிண்ணியா வழியாக பஸ் எடுத்து என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். கூரை போட அனுமதி கேட்ட அவளுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. காணி துறைமுகம் சார்ந்த கைத்தொழில் வலயத்துக்குள் வருகிறது, வதிவிடப் பாவனை கைவிடப்பட்டது, ஆகவே அனுமதிக்க முடியாது. கீழே வரைவிலக்கணம் முழுமையாக எடுத்துக் காட்டப்பட்டிருந்தது. என் வசனம். என் அரைப்புள்ளி.

"இதில கைவிடப்பட்டது எண்டு போட்டிருக்கு," என்றாள் அக்கா. "ஆர் கைவிட்டது? நாங்களோ?"

"அக்கா, அது ஒரு சட்டச் சொல்லு."

"சட்டத்தில எண்டாலும் தமிழ்தானே. கைவிடுறது எண்டால் வேண்டாம் எண்டு விடுறது. பெத்த பிள்ளையக் கைவிட்டாள் எண்டு சொல்லுறமே, அதுதானே இது? ஆர் எழுதினது?"

தேத்தண்ணி போடுவதற்காக எழுந்தவள் குசினி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நான்தான்," என்றேன்.

அவள் முதலில் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்தாள். "நீ எங்களை நினைச்சுப் பார்க்கேல்லையே?" என்று மட்டும் கேட்டாள். நான் நினைத்துப் பார்க்கவில்லை. அதுதான் உண்மை. சொல் எப்படி ஒலிக்கிறது என்று நினைத்தேனே தவிர, அது யார் தலையில் விழும் என்று நினைக்கவில்லை.

ஆட்சேபனை தெரிவிக்க வழி இருந்தது. விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். விசாரணை எங்கள் அலுவலகத்தில்தான் நடந்தது. பணிப்பாளருக்குத் தமிழ் கொஞ்சம்தான் விளங்கும். அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. இது என் சொந்த அக்கா, வேறு யாரையாவது மொழிபெயர்க்கப் போடுங்கள் என்று முதல்நாளே அவரிடம் சொன்னேன். வேறு ஆள் இல்லை என்றார். அவர் சொன்னதும் உண்மை. மற்ற மொழிபெயர்ப்பாளருக்கு இடமாற்றம் கிடைத்து ஆறு மாதமாகியும் அந்தக் கதிரை வெறுமையாகத்தான் கிடந்தது.

அக்கா கொண்டைக்குப் பூ வைக்காமல், நல்ல சேலை ஒன்று உடுத்து வந்திருந்தாள். அத்தான் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"ஐயா," என்று அக்கா தொடங்கினாள். "நாங்கள் கைவிடேல்ல. சோறு அடுப்பில வேக, ஷெல்லுக்கு ஓடினனாங்கள். அதுக்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் வந்து கேட்டனாங்கள், விடேல்ல. சோதனைச் சாவடியோட திரும்பிப் போனனாங்கள். கைவிட்ட ஆக்கள் வருஷா வருஷம் வந்து கேட்பினமே?"

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. அக்காவை நோகடித்த அதே சொல்தான் அவளுக்கு வழக்காகவும் நின்றது. 'கைவிடப்பட்ட' என்று இருந்தபடியால்தான் அவளால் 'நான் கைவிடவில்லை' என்று சொல்ல முடிந்தது. பணிப்பாளரும் அதைப் பிடித்துக்கொண்டார். பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தமிழில் அப்படியா இருக்கிறது? வேண்டுமென்று விட்டது என்ற கருத்திலா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் சேர். அப்படியும் விளங்கிக்கொள்ளலாம்."

"சிங்களப் பிரதியை வாசியுங்கள்."

வாசித்தேன். நின்றுபோன. அதில் யாருடைய விருப்பமும் இல்லை. ஏன் நின்றது, யார் நிறுத்தினார்கள் என்ற கேள்வியே அதற்குக் கிடையாது. மொழிகளுக்கிடையே முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற கடைசி வாசகத்தையும் வாசிக்கச் சொன்னார். அதையும் தமிழில் எழுதியவள் நான்தானே, மனப்பாடமாகவே சொன்னேன்.

அவர் கெட்ட மனிதரல்ல. முகம் கறுத்துப் போய்த்தான் சொன்னார்: "உங்கள் அக்கா சொல்வது நியாயம். ஆனால் விதியில் அதற்கு இடமில்லை. மொழிபெயர்ப்பையும் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் இதையே சொல்லிக்கொண்டு வருவார்கள்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "என்ன சொல்லுறார்?"

நான் சொன்னேன். அதைச் சொல்வதும் என் வேலைதான்.

திருத்தம் ஒரு வரி. 'கைவிடப்பட்ட என்பதற்குப் பதிலாக நின்றுபோன என வாசிக்கவும்.' அதைத் தட்டச்சுச் செய்ய எனக்கு இரண்டு நாள் எடுத்தது. மறுத்திருந்தால் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும், வரியை வேறு யாரோ எழுதியிருப்பார்கள். எழுதினால் அக்காவுக்கு இருந்த ஒரே வாசலை நானே பூட்டுகிறேன். மேசையை விட்டு எழும்பி வெளியே போனால் கேற்றடியில், நகரத்துக்குள் திரியும் மான்கள் கடதாசிப் பையை இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இருந்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். அதோடு ஒரு பக்கக் குறிப்பும் வைத்தேன்: இடம்பெயர்ந்து இருந்த காலத்தை அந்த ஒரு வருடத்துக்குள் கணக்கெடுக்கக் கூடாது என்று விதியில் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். மொழிபெயர்ப்பாளர் விதியை எழுதுவதில்லை என்று பணிப்பாளர் சொன்னார். ஆனாலும் தன் கையெழுத்தோடு அதை மேலே அனுப்பினார்.

அது எப்போது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் மழை வரும். அத்தானின் தங்கைக்கு மகளின் கலியாணம் வந்து வீட்டில் இடமும் இல்லாமற் போனது. காணிகளை நேரில் போய் அளந்து பார்க்கும் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கிண்ணியா ஆள், நாங்கள் அவரை ரீ.ஓ. என்றுதான் கூப்பிடுவோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவரிடம் கேட்டேன்.

"தற்காலிகக் கட்டமைப்பு எண்டு போடலாம் மிஸ். தகரத்தில ஒரு அறை. எந்த வலயத்திலயும் குடுக்கலாம், வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அவ்வளவுதான்." பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "ஆனா காணியில வேற கட்டிடம் இருக்கப்படாது. அந்தச் சுவரெல்லாம் இடிச்சாத்தான் ஏலும்," என்றார்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள், "சுவரை இடிக்கிறதெண்டால் என்னையும் அதுக்குள்ள வைச்சு இடிக்கச் சொல்லு," என்றாள்.

எனக்கு அந்தப் பொருள்கோடல் பகுதி தலைக்குள்ளேயே இருந்தது. பஸ்ஸில், குளிக்கும்போது, சோறு வடிக்கும்போது அதன் வரிகள் தாமாக ஓடும். ஒரு நாள் அப்படி 'மதில்' ஓடி வந்தது. 'காணியொன்றையோ அதன் பகுதியொன்றையோ சூழ்ந்திருப்பதும், கூரையைத் தாங்காததும், ஆறு அடிக்கு மேற்படாததுமான சுவர்.' மதில் கட்டிடமாகக் கொள்ளப்படமாட்டாது என்று அடுத்த வரி சொல்லியது. அக்காவின் சுவர்கள் ஒன்பது அடி. கூரையைத் தாங்கவில்லை. காணியின் ஒரு பகுதியைச் சூழ்ந்திருக்கின்றன.

ரீ.ஓ.விடம் சொன்னபோது ஒரு கடதாசியில் சுவரை வரைந்து பார்த்தார். "மூணடி எறக்கினா அது மதில்தான் மிஸ். மதிலுக்குள்ள தகர அறை போட்டா ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. ஆனா விண்ணப்பத்தில ஒரு உறுதிமொழி இருக்கு. காணியில வதிவிடக் கட்டிடம் எதுவும் இல்லையெண்டு கையெழுத்து வைக்கணும். பிறகு வீடு இருந்தது எண்டு எங்கயும் கேக்க வராது."

கண்டுபிடித்த சந்தோசம் அதோடு போய்விட்டது. வீட்டுக்காக வழக்காடிக்கொண்டு கூரையில்லாமல் இருக்கலாம். அல்லது வீடே இல்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு தகரத்துக்குக் கீழே படுக்கலாம். இரண்டையும் நான் அக்காவிடம் அப்படியே சொன்னேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லப் பயந்தேன்.

அத்தான்தான் வாய் திறந்தார். "முழுக்க இடிக்கிறதிலும் பார்க்க இது பரவாயில்லை. கீழ்க் கல்லாவது இருக்கும்." அக்கா படிவத்தை வாங்கி, வாசிக்காமல், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை நானும் போனேன். மூதூரிலிருந்து ஒரு மேசன் வந்திருந்தார். அத்தான் தோணியைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். அன்றைக்குக் காற்று சரியில்லை, வேறு யாரும் போகவில்லை. மேசன் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, ஆறு அடியில் சுவர்களைச் சுற்றிக் கரியால் கோடு கிழித்தார். கோடு யன்னல்களின் ஊடாகப் போனது. யன்னலின் மேல் விளிம்பு ஏழடியில் இருந்தது. மேலிருந்த லிண்டலை இறக்கியதும் யன்னல்கள் யன்னல்களாக இல்லை. பல் விழுந்த இடம் மாதிரிச் சுவரில் இடைவெளிகள் மட்டும் இருந்தன. நானும் அக்காவும் கழற்றிய கற்களை வாங்கிக் கிணற்றடியில் அடுக்கினோம். உடையாமல் வந்த கற்கள் அதிகம். "நல்ல சாந்து," என்று மேசன் இரண்டு மூன்று தரம் சொன்னார். ஆருடைய வேலை இது என்று கேட்டார். அக்கா அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினாள்.

குசினிச் சுவரில் அடுப்புக்கு மேலே புகை படிந்த கறுப்பு இன்னும் இருந்தது. கோடு அதற்கு நடுவால் போனது. அந்த இடத்துக்கு மேசன் வந்தபோது அக்கா, "கொஞ்சம் பொறுங்கோ," என்று சொல்லி, கிட்டப் போய் நின்றாள். தொட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன். தொடவில்லை. "சரி, எடுங்கோ," என்றுவிட்டு வேம்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். என் கைகளில் சீமெந்துத் தூள் இருந்ததால் முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை.

திங்கட்கிழமை ரீ.ஓ. வந்து அளந்தார். ஒரு மூலையில் ஒரு அங்குலம் கூட இருந்தது. "இதில ஒரு கல் எடுங்க," என்றார். எடுத்தோம். அனுமதிப் பத்திரம் மூன்று வாரத்தில் வந்தது. தகர அறை ஹோல் இருந்த இடத்தில், வேம்புக்குப் பக்கமாக, எந்தச் சுவரிலும் முட்டாமல் எழும்பியது. அனுமதிப் பத்திரம் மூன்று வாரத்தில் வந்தது.

அந்த வருட மழையில் அவர்கள் நனையவில்லை. அதை நான் எனக்கே பல தடவை சொல்லிக்கொள்கிறேன். ஆனால் போகும்போதெல்லாம் அந்த இடம் என்னை நெரிக்கும். தகர அறையை விட்டு வெளியே வந்தால் நாலு பக்கமும் ஆறடிச் சுவர். அதற்கு அப்பால் கடல் இருக்கிறது, காற்று கேட்கும், தெரியாது. யன்னல் இடைவெளிகளில் நின்று பார்த்தால் மட்டும் தெரியும். "வீட்டுக்குள்ள இருக்கிறனோ வெளிய இருக்கிறனோ எண்டு எனக்கே தெரியேல்ல," என்றாள் அக்கா ஒரு நாள். "வளவுக்குள்ள அடைச்சு விட்ட மாடு மாதிரி."

இரண்டு வருடம் கழித்து, போன மாதம், ஒரு திருத்த வரைவு மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. முதற் பக்கத்திலேயே புரிந்தது. நான் எழுதிய குறிப்புத்தான், சட்ட மொழியில் திரும்பி வந்திருந்தது. இடப்பெயர்வு காரணமாக நின்றுபோன வதிவிடப் பாவனை, நிலவும் பாவனையாகக் கொள்ளப்படும். அடுத்த வரியை வாசித்தேன். மேலிடத்தில் யாரோ சேர்த்த வரி: 'அத்தகைய வதிவிடக் கட்டிடத்தின் சுவர்கள் காணியில் எஞ்சியிருக்குமிடத்து.'

வரைவை எடுத்துக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குப் போனேன். மதிலாக இறக்கிய சுவர் சுவராகக் கொள்ளப்படுமா என்று கேட்டேன். அவர் உடனே புரிந்துகொண்டார்.

"உறுதிமொழியில் கையெழுத்து இருக்கிறதா?"

"இருக்கிறது சேர்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நானும் நிற்காமல் வந்துவிட்டேன்.

அக்காவிடம் மறைக்கலாம் என்று ஒரு கிழமை நினைத்தேன். அவளுக்குப் பக்கத்துக் காணிகள் இரண்டிலும் கூரையில்லாத சுவர்கள் நிற்கின்றன. அந்தக் குடும்பங்கள் இன்னும் தறப்பாள் கூடாரங்களில் இருக்கின்றன, ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. விதி வந்தால் அவர்கள் கூரை போடுவார்கள், அக்கா சுவருக்கு மேலால் அதைப் பார்ப்பாள். பொறுக்க முடியாமல் போய்ச் சொன்னேன். தகர அறைக்கு முன்னால் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை போட்டிருந்தோம்.

"அவையளுக்குக் கிடைக்குமோ?" என்று கேட்டாள்.

"ஓம், கிடைக்கும்."

"எங்களுக்கு?"

"ஏலாது அக்கா."

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம் எண்டு சொல்லுறியோ?"

"இல்லை. எனக்கும் தெரியாது. இப்பிடி வரும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அத்தான் எழுந்து போய்க் கிணற்றடியில் அடுக்கியிருந்த கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாசி பிடித்து, இடையில் புல் முளைத்திருந்தது. அக்கா அவரைப் பார்த்தபடியே, "நீதான் அதையும் தமிழில எழுதுவியோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"இந்த முறை வடிவாய் எழுதப் பார்க்காதை. அவையளுக்கு விளங்கிற மாதிரி எழுது." சொல்லிவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டாள். நான் பஸ்ஸுக்கு வெளிக்கிடும்போதும் வெளியே வரவில்லை.

மொழிபெயர்ப்பை முடித்துவிட்டேன். 'எஞ்சியிருக்குமிடத்து' என்பதை 'மிச்சம் இருந்தால்' என்று மாற்றினேன். பணிப்பாளர் கையெழுத்திட்டார். அக்காவின் அனுமதிப் பத்திரம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன். காணியில் வதிவிடக் கட்டிடம் எதுவும் இல்லை என்ற வரிக்கு எதிரே ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அதில் நான்தான் சரி போட்டுக் கொடுப்பேன், அக்கா கையெழுத்து வைப்பாள். அவள் இன்னும் தொலைபேசியில் என்னோடு கதைக்கவில்லை. கட்டத்தில் இன்னும் சரி போடவில்லை.